நாற்பத்தைந்து நாள்

ஜூன் 2, செவ்வாய்

காலையிலிருந்து பனி. பத்தரைக்குத்தான் எதிர் மலைத் தேயிலை கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று நாளாகத் துணி காயவில்லை. இவருடைய பேண்ட் நாற்றம் வீடு முழுக்க.

ஷாமினி போனில் ஒரு டெண்டர் விளம்பரம் அனுப்பினாள். மகளுக்குக் கீழே டவுனில் மருந்துக்கடையில் வேலை. அம்மாவுக்கு வேலை தேடுவது அவளுடைய இரண்டாவது வேலை. அந்த டவுனில் இருக்கும் சின்ன ஏர்போர்ட்டில், விமானம் நிறுத்தும் தளம் முழுக்க வெடிப்பு. சுத்தம் செய்து தார் ஊற்றி அடைக்க வேண்டும். நன்றாகச் செய்கிறவர்களுக்கே அடுத்த இரண்டு வருடப் பராமரிப்பும். என் கான்ட்ராக்டர் லைசென்ஸுக்குச் சரியான அளவு வேலை.

படித்ததும் சந்தோஷம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. எத்தனை விண்ணப்பப் பாரம், எத்தனை முத்திரை, எத்தனை நகல்.

ஆனால் வேறு என்ன இருக்கிறது? எஸ்டேட் ரோடு வேலை போன வருடமே கை நழுவியது. புது மேனேஜர் மொத்தத்தையும் கீழே உள்ள ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். பதினோரு வருடம் அந்த ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, அப்புறம் பதினேழு வருடம் அதே எஸ்டேட்டின் ரோட்டை அடைத்தவள் நான். அனுப்பும்போது ஒரு கேக் வெட்டினார்கள். அதுவும் பண்டான் கேக். எனக்குப் பிடிக்காது.

ஆட்களில் ஒருவன் சிங்கப்பூர். ஒருவன் தானா ராத்தாவில் ஹோட்டல் வேலை. மிச்சம் அந்தோணி அண்ணன் மட்டும். பதினேழு வருடமும் கூட இருந்தவர். அவருக்குச் சாயங்காலம் சொல்ல வேண்டும்.

வாங்க: உப்பு, பெரிய கவர், முத்திரைக்கு மை.

ஜூன் 3, புதன்

மழை.

அண்ணன் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துக்குப் போனேன். அண்ணன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால். வலது கண்ணில் புரை. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தாயிற்று, கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்.

"ஏர்போட்டா? பிளேன் எறங்குமே, அந்த எடமா?"

"அதேதாண்ணே. பிளேன் நிக்கிற எடம்."

"நான் பிளேன் ஏறுனதே இல்ல. தார் ஊத்தவாச்சும் உள்ள போலாம் லா."

சிரித்தார். அவர் மனைவி ராணி உள்ளேயிருந்து வந்தாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த கை, விரலெல்லாம் கறுப்பு. அவள்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். கோலா தெர்லாவில் காய்கறி முதலாளி, ஒரு சீனத் தவுக்கே, அண்ணனை லோரி ஓட்டக் கூப்பிடுகிறாராம். இரண்டு லோரிக்கு ஆள் வேண்டுமாம். ஒன்று பகல் ஓட்டம், ஈப்போ மார்க்கெட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். இன்னொன்று ராத்திரி ஓட்டம், கோலாலம்பூருக்கு. பதினெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"பகல்னா சரிங்கக்கா. ராத்திரி மட்டும் வேணாம். எதுர்ல லைட்டு வந்தா இவருக்கு வெடிச்சு வெடிச்சுத் தெரியுதாம். அந்த மலை ரோட்டுல, பனில..."

"நான் எங்க ராத்திரி ஓட்றேன்னு சொன்னேன்?" என்றார் அண்ணன். "எனக்கு லோரியே வேணாம். தங்கச்சி வேலை எடுத்தா நான் தார்தான் ஊத்துவேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினெட்டுக்குள் எப்படியாவது தெரிந்துவிடும் என்றேன். எனக்கு என்ன தெரியும், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஜூன் 9, செவ்வாய்

இடம் பார்க்கும் நாள். வராதவர்கள் டெண்டர் போட முடியாது. காலை ஐந்தரைக்கு பிக்கப்பில் கிளம்பினோம், நானும் அண்ணனும். வளைவில் இரண்டு முறை காது அடைத்தது. கீழே இறங்க இறங்க ஸ்வெட்டர், சால்வை, கடைசியில் சாக்ஸ் வரை கழற்றினேன். அப்பா என்ன வெயில்! இதில் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ.

ஆறு கான்ட்ராக்டர்கள். பெண் நான் ஒருத்தி. ஒருவர் மலாயில், ரொம்ப மரியாதையாக, கணவர் வரவில்லையா என்று கேட்டார். அவர் வீட்டில் சமைக்கிறார் என்றேன். உண்மைதான், இவர் ஓட்டும் டூரிஸ்ட் வேனுக்கு இன்று ஆள் இல்லை, ரசம் வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்கப்புறம் அந்த மனிதர் என்னிடம் பேசவில்லை.

எல்லோருக்கும் ஆரஞ்சு உடுப்பு. அதிகாரி பெயர் ரஹ்மான், சின்ன வயது, நல்ல குரல். தளத்தைச் சுற்றிக் காட்டி விளக்கிக்கொண்டே வந்தார். வெடிப்பெல்லாம் நாங்கள் பார்த்ததுதான். மலையில் இதைவிடக் கேவலமானதை அடைத்திருக்கிறோம். விமானப் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்கள் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வேலை நடக்கும்போது அவற்றைப் புல்லில் நிறுத்த வேண்டும், அதனால் என்னவோ. அதற்குள் பின்னால் ஒரே கூச்சல்.

திரும்பினால், அண்ணன் தளத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் தீப்பெட்டி.

அவர் எப்போதும் செய்கிறதுதான். வெடிப்புக்குள் தீக்குச்சியைத் தலைகீழாக விட்டு, முப்பது எண்ணி, எடுத்துக் கிழிப்பார். பற்றினால் உள்ளே காய்ந்திருக்கிறது, தார் ஒட்டும். பற்றாவிட்டால் ஈரம், அன்றைக்குக் காத்திருக்க வேண்டும். எஸ்டேட் ரோட்டில் பதினேழு வருடமாக இதுதான் எங்கள் மெஷின். ஆனால் இருபது அடி தள்ளி எண்ணெய் வண்டி நிற்கும் இடத்தில் தீப்பெட்டியை எடுத்தால்? கார்டு ஓடி வந்து பிடுங்கிவிட்டான். ரஹ்மான் முகம் வெளுத்துவிட்டது. நான் மன்னிப்பு கேட்டு, கேட்டு, வாய் வலித்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் மட்டும், "கிழிக்கவே இல்லையே, என்னாத்துக்கு இந்த ஆட்டம்?" என்றார்.

ரஹ்மான் மறுபடி பேச ஆரம்பித்து, புரிந்ததா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். நானும்.

திரும்பும்போது அடிவாரத்தில் ஒரு பாய் கடையில் தே தாரேக் டீ. அண்ணன் காது இடுக்கிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்தார். வெடிப்பில் விட்ட அதே குச்சி. பெட்டியைத்தான் பிடுங்கினான், குச்சி இவரிடமே இருந்திருக்கிறது! பாயிடம் பெட்டி வாங்கிக் கிழித்தார். எடுத்த எடுப்பில் பற்றியது.

"பாத்தியா தங்கச்சி! ஒரே இழுப்பு!"

மலையில் ஆறு குச்சி செலவாகும். விழுந்து விழுந்து சிரித்தோம். இவ்வளவு சிரித்து எத்தனை மாதம் ஆகிறது!

ஜூன் 13, சனி

தூறல். முட்டி வலி, இடது.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசை முழுக்கப் பாரம். ஷாமினி லீவில் வந்திருக்கிறாள், லேப்டாப்பில் அடித்தாள். இவர் எல்லோருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு அதே பாரத்தின் மேல் கோப்பையை வைத்தார். ஒரு பக்கம் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

விலை: எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. செய்முறை: அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காற்றடித்துத் தூசி நீக்குவது, தார் சூடு, மேலே மணல் தூவுவது. அழகாக வந்தது. தீக்குச்சியை மட்டும் விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு கட்டம். எத்தனை நாளில் முடிப்பீர்கள்?

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "வேலை பதினஞ்சு நாளு. ஒரு நாள் வேலைக்கு ரெண்டு நாள் மழை, பனி. மொத்தம் நாப்பத்தஞ்சு."

அதுதான் எங்கள் கணக்கு, எப்போதும் அதுதான். சொன்ன தேதிக்கு ஒரு நாள் கூடத் தவறியதில்லை, எஸ்டேட்டில் பழைய துரையே அதற்காகக் கை கொடுத்திருக்கிறார். 45 என்று சொன்னேன்.

ஷாமினி கீபோர்டிலிருந்து விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். "ரொம்ப ஜாஸ்தி இல்லையாம்மா?"

"நீ எந்த ரோட்ல தார் ஊத்துன? மாமா சொல்றத அடி."

அடித்தாள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு மைலோ குடித்தார்.

உறையில் வைத்தவை: லைசென்ஸ் நகல், வங்கிக் கடிதம், உறுதிமொழி, விலைப் பாரம், செய்முறை, பழைய வேலைகளின் படம் (ஐந்து). எல்லாவற்றிலும் முத்திரை. இரண்டு முறை சரிபார்த்தேன். கிராணி புத்தி போகாது.

ஜூன் 15, திங்கள்

நேற்று ஷாமினி பஸ்ஸில் உறையோடு போனாள். இன்று காலை பெட்டியில் போட்டுவிட்டாள், பன்னிரண்டு மணிக்கு மூடுவதற்கு முன்னால். படம் அனுப்பினாள், பெட்டி வாயில் உறை பாதி. ஆண்டவன் விட்ட வழி.

மதியம் தூங்கினேன். எழுந்ததும் இன்னும் அலுப்பு.

ஜூன் 16, செவ்வாய்

குறைந்த விலை நம்முடையதுதான்!!

டெண்டர் போட்டவர்களின் விலையைப் பலகையில் ஒட்டுவார்கள், பெயர் இருக்காது, நம்பர் மட்டும். ஷாமினி சாப்பாட்டு நேரத்தில் போய்ப் படம் எடுத்தாளாம். ஒரே கூட்டம், யாரோ ஒருவருடைய தோள் பாதிப் பலகையை மறைத்திருக்கிறது. ஆனால் விலை வரிசை முழுக்கத் தெரிகிறது. ஆறில் நாம்தான் கடைசி. அதாவது முதல்.

அண்ணனுக்கு உடனே போன் போட்டேன். மூச்சு வாங்கியது எனக்கு.

"கொறஞ்ச வெலை நம்மதுதாண்ணே!"

"நெசமாவா? ராணி! ஏய் ராணி!" என்று அவர் அங்கே கத்துவது கேட்டது.

இவர் சாயங்காலம் திரிங்காப் முனையிலிருந்து சோளம் வாங்கி வந்தார். மூன்று சாப்பிட்டேன். நெஞ்செரிச்சல், இருந்தாலும் பரவாயில்லை.

ஜூன் 17, புதன்

அண்ணன் நேற்றே கோலா தெர்லா போய்த் தவுக்கேயிடம் லோரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாகப் பேசினார்.

ஏர்போர்ட்டுக்கு என்ன செருப்பு போடுவது என்று கேட்கிறார்.

ஜூன் 19, வெள்ளி

பனி. பனி. பனி.

அந்தப் பலகையை அச்சடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். முட்டாள்தனம். தோள் இல்லாமல் ஒரு நல்ல படம் எடுத்து அனுப்பு என்று ஷாமினியை நான்தான் நச்சரித்தேன். காலையில் அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "அம்மா, வலது பக்கம் பாருங்க."

வலது பக்கம் ஒரு வரிசை. நாட்கள். 14. 12. 18. 15. 21. எங்களுடையது 45.

ஐயோ.

அங்கே பனி ஏது? மதியம் வரை வெயில் தீயாகக் காய்கிறது. நானே சாக்ஸைக் கழற்றினேன். ஸ்வெட்டரைக் கழற்றியவளுக்கு மலைக் கணக்கைக் கழற்றத் தோன்றவில்லையே! அந்தக் குச்சி ஒரே இழுப்பில் பற்றியது. காய்ந்து கிடக்கிறது, காய்ந்து கிடக்கிறது என்று சொல்லித்தான் பற்றியது. நாங்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்த்துச் சிரித்தோம்.

பத்து மணிக்கு ரஹ்மானைக் கூப்பிட்டேன். நாட்கள் முக்கியமா என்று கேட்டேன். மெதுவாக, மலாயில், அன்றைக்கே சொன்னேனே புவான், என்றார். பயிற்சி விமானங்கள் எத்தனை நாள் புல்லில் நிற்கின்றனவோ அத்தனை நாள் பள்ளிக்கு வகுப்பு இல்லை, அதனால் விலைக்குச் சமமாக நாளையும் பார்ப்போம். அதைத்தான் தீப்பெட்டிக் கூச்சலுக்கு நடுவே சொல்லியிருக்கிறார். மாற்றி எழுதலாமா? பெட்டி மூடியபின் முடியாது. பேசிய விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

ஷாமினி கேட்டாளே. வாயை அடைத்தேன். நானும் எஸ்டேட் ஆபீஸ் மேனேஜர் மாதிரிதான், கீழே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்பதில்லை.

அண்ணனிடம் சொல்லவில்லை. முடிவு வரவில்லையே இன்னும். விலை குறைவுதானே, எப்படியோ கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

ஜூன் 20, சனி

கோலா தெர்லா போனேன், யாரிடமும் சொல்லாமல். லோரி நெரிசல், முட்டைக்கோஸ் நாற்றம், ரோட்டில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. தவுக்கே நல்ல மனிதர், மாண்டரின் ஆரஞ்சு கொடுத்தார். பகல் லோரிக்கு ஆள் போட்டாயிற்றாம். அண்ணன் வேண்டாம் என்ற அன்றைக்கே இன்னொருவன் வந்துவிட்டானாம். பகல் லோரிக்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள், ராத்திரிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை என்றார். அந்தோணி வந்தால் ராத்திரி லோரி அவருக்குத்தான் என்றார், எனக்கு உதவி செய்கிறதாக நினைத்து.

நன்றிக்கு ஒரு தெரிமா காசே சொல்லிவிட்டு வந்தேன். வண்டியில் உட்கார்ந்து அழுதேன். ஆரஞ்சு புளிப்பு.

ஜூன் 28, ஞாயிறு

ஒன்றும் வரவில்லை. அண்ணன் சர்ச் முடிந்து வந்தார். ரப்பர் அடிப் பூட்ஸ் புதிதாக வாங்கியிருக்கிறார், ஏர்போர்ட்டுக்கு. காலை நீட்டிக் காட்டினார்.

"எப்டி?"

"நல்லா இருக்குண்ணே."

பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போனேன்.

ஜூலை 7, செவ்வாய்

கடிதம். வருந்துகிறோம். நான்கு வரி.

இவர் படித்துவிட்டு, போகட்டும் விடு, வேற வரும் என்றார். எனக்கு வராவிட்டாலும் போகட்டும், கிராணி வேலைக்குப் போய்விடுவேன், ஹோட்டலில் பில் போடுவேன். அண்ணனுக்கு? ஐம்பத்தொன்பது வயதில் ஒரு கண்ணோடு யார் எடுப்பார்கள்?

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். திட்டினார். சாப்பிட்டேன்.

ஜூலை 8, புதன்

சொல்லிவிட்டேன்.

வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். நாள் கணக்கினால் போயிற்று என்றால் அவர் தாங்கமாட்டார். நாப்பத்தஞ்சு அவர் வாயிலிருந்து வந்தது. அவர் வாழ்க்கையில் ஒரு கணக்கு தவறியதில்லை என்பதுதான் அவரிடம் இருக்கிற ஒரே சொத்து. அதையும் நான் எதற்குப் பிடுங்க வேண்டும்? எழுதியது அவர் இல்லை. கேட்டும் கேட்காமல் தலையாட்டியது நான். கையெழுத்து என்னுடையது.

"கெடைக்கலண்ணே. ஒரு பாரத்துல முத்திரை குத்த மறந்துட்டேன். அதுனால தள்ளிட்டாங்க."

அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார், பாவி மனுஷன்.

"கிராணியா இருந்த ஆளு நீ. உனக்கே முத்திரை மறந்து போச்சா?"

"வயசாச்சுல்ல."

"நாள் கணக்குல ஏதும் நொட்டை சொன்னானுங்களா?"

"இல்லண்ணே."

"சொல்ல மாட்டானுங்க லா. அது சரியான கணக்கு. எடுத்தவன் அவசர அவசரமா ஊத்திட்டு, மழைல எல்லாம் புட்டுக்கும் பாரு. அடுத்த வருசம் நம்மளத்தான் கூப்புடுவானுங்க."

ஆமாம் என்றேன்.

ராணி கூடவே எழுந்தாள். வாசல் வரை வந்தாள். "முத்திரையாக்கா?" என்று மட்டும் கேட்டாள். திட்டு விழும் என்று நின்றேன். பச்சை மிளகாய் ஒரு பை கொடுத்து அனுப்பினாள்.

ஜூலை 9, வியாழன்

அண்ணன் தவுக்கேயிடம் போய்வந்தாராம். நாளையிலிருந்து ராத்திரி லோரி. ஆபரேஷன் முடிகிற வரைக்கும்தான் என்கிறார். ஆஸ்பத்திரி எப்போது கூப்பிடும்? யாருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வரிசை இருக்கிறதாம். திங்கள்கிழமை நேரில் போய் நிற்கப் போகிறேன். கத்தினாலும் கத்துவேன்.

ஜூலை 10, வெள்ளி

மதியம் இரண்டு மணிக்கே பனி இறங்கிவிட்டது. இவர் டூர் பாதியில் திரும்பி வந்துவிட்டார், ரோடு தெரியவில்லை என்று.

அண்ணன் போன் செய்தார். லோடு ஏற்றியாயிற்றாம், தக்காளியும் கீரையும். உன் வீட்டைத் தாண்டும்போது ரெண்டு ஹார்ன் அடிக்கிறேன் என்றார். புது பூட்ஸ் லோரிக்கு ரொம்ப வசதியாம்.

ஆறரைக்கு இரண்டு ஹார்ன். ஓடி வாசலுக்குப் போனேன்.

உள்ளே வருவதற்குள் ராணி கூப்பிட்டுவிட்டாள்.

"தாண்டிட்டாராக்கா?"

"தாண்டிட்டாரு."

"லைட்டு போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தாரு."

பனியில் லோரியே எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது.